பேய் வந்தபோது சிரித்தார்கள்: சுங்கை சிப்புட்டில் எடுத்த ஒரு குறும்படம்

படத்தின் நான்காவது நிமிடத்தில் பேய் வந்தது. மண்டபத்தில் இருந்த அறுபது பேரில் முன்வரிசைப் பாட்டிகள்தான் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களின் மகள்கள். அதன்பின் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது. படமெடுத்த ஐந்து பிள்ளைகளும் பின்சுவர் ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நான்.

நான் ஈப்போவில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன். சொந்த ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் தோட்டங்கள். முன்பு பால்மரம் என்கிற ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ஐந்து பிள்ளைகளில் மூவர் இங்கேயே வளர்ந்தவர்கள், இருவர் பக்கத்துத் தோட்டத்து லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்த குடும்பத்தார். எல்லாருக்கும் வயது பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள். ஒருத்தி தொழிற்பயிற்சிக் கல்லூரியில் படிக்கிறாள், ஒருவன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் இருக்கிறான். மற்றவர்கள் எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வை எழுதிவிட்டு அடுத்தது என்ன என்று தெரியாமல் இருந்தவர்கள். “அண்ணே, பேய்ப்படம் எடுக்கிறோம். உங்கள் மைக்கைக் கொடுங்கள்” என்று வந்தார்கள். மைக்கைக் கொடுத்தேன், கூடவே புத்திமதியையும். அந்தப் புத்திமதியில் பாதி தவறு. அதனால் படம் எங்கே பிசகியது என்ற இந்த ஆய்வில் நானும் ஒரு குற்றவாளி.

முதல் வடிவம் 26 நிமிடம். தனித்தனியாக மூன்று பகுதிகள். கதை என்று கோத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். முதல் பகுதியில் தோட்டத்துக்குள் நடக்கும் வெள்ளைச் சேலைப் பெண். இரண்டாவதில் பழைய பங்களாவில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆவி. மூன்றாவதில் மாணவிகள் விடுதியில் ஓர் இரவு. கைப்பேசியில் எடுத்தது, செலவு ஆயிரம் வெள்ளிக்கு (ரிங்கிட்) சற்று மேல். அதில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் போனது.

எங்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கல்யாண வீட்டில் மேடையை ஒரு கேமராவும் கூட்டத்தை இன்னொரு கேமராவும் பார்த்துக்கொண்டிருக்கும். அதே வழக்கத்தில் மண்டபத்திலும் பார்வையாளர் முகங்களை நோக்கி ஒன்றை வைத்துவிட்டேன். ஆகவே எங்கே சிரித்தார்கள் என்பது நினைவை நம்பிச் சொல்வதல்ல, பதிவாகவே இருக்கிறது: நான்காம் நிமிடம், ஒன்பதாம் நிமிடம், பதினைந்தாம் நிமிடம். மறுவாரம் அந்தப் பதிவையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு ஐந்து வீடுகளுக்குப் போனோம். படத்தைப் போட்டு, “எங்கே பிசகு என்று தோன்றுகிறதோ அங்கே நிறுத்தச் சொல்லுங்கள், பாட்டி” என்று கேட்டோம். எழுபத்தெட்டு வயது பாட்டி ஒருவர் நாற்பது விநாடிக்கு ஒருமுறை நிறுத்தினார்.

நான்காம் நிமிடச் சிரிப்பு எளிதாக விளங்கியது. வெள்ளைச் சேலைக்காரி பால்மரக் காட்டுக்கென்று எழுதப்பட்டவள். பிள்ளைகள் அவளைச் செம்பனைக் காட்டில் நடக்கவிட்டிருந்தார்கள், கைக்கெட்டியது அதுதான் என்பதால். பால்மர நிரையில் தரை சுத்தமாக இருக்கும், பார்வை நேர்கோட்டில் வெகுதூரம் ஓடும். செம்பனை முக்கோண வரிசையில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடப்படுவது. ஒரு ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் வரை வரும். குலை வெட்டும்போது கழிக்கும் மட்டைகளை ஒரு நிரை விட்டு ஒரு நிரையில் குவித்துப் போடுவார்கள். முள் மட்டை அது. எங்கள் பேய் அந்தக் குவியலுக்கு முன்னால் நின்று, சேலையை முழங்கால் வரை தூக்கி, ஒரு காலை வைத்து, தடுமாறி, மற்றக் காலை வைத்துத் தாண்டியது. “பேய்க்குக் கால் கிடையாது என்பார்கள். இவள் மட்டை தாண்டுகிறாளே” என்றார் பாட்டி. படப்பிடிப்பு அன்று ஆறு பேர் அங்கே நின்றோம். ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

ஒன்பதாம் நிமிடம் முழுக்க என் தவறு. காட்சியில் ஆந்தை அலற வேண்டும். கணினியில் நான் வைத்திருக்கும் ஒலித் தொகுப்பிலிருந்து “ஊ… ஊ…” என்று நீளமாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வெள்ளைக்காரன் படங்களில் பைன் மரத்துக்கு மேல் நிலா வரும்போது கேட்குமே, அந்த ஊளை. இந்த ஊரில் இரவில் கேட்பது அதுவல்ல. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை அடக்கத் தோட்டங்களில் உயரமான கம்பத்தின் மேல் மரப்பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றியிருக்கிறார்கள். முகம் வெள்ளையாக, தட்டையாக இருக்குமே, அந்தப் பறவைதான். கூகை ஊளையிடாது. புதுத்துணியை இரண்டு கையாலும் பிடித்துக் கிழிப்பது போல ஒரு கீச்சு, அதோடு சரி. தலைக்கு மேலே அதை முதன்முறை கேட்பவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவான். இவ்வளவு நல்ல சத்தத்தை வீட்டு வாசலில் வைத்துக்கொண்டு அயல்நாட்டு ஆந்தையை இறக்குமதி செய்திருக்கிறேன். முன்வரிசையில் ஓர் அக்கா பக்கத்தில் இருந்தவரிடம், “இது என்ன, நாய் அழுகிறதா?” என்று கேட்பது பதிவில் தெளிவாக இருக்கிறது.

இந்த இடத்தில் பிள்ளைகள் பார்த்திருந்த படங்களைச் சொல்ல வேண்டும். தயாரிப்புக்கு முன்பு அவர்களை உட்கார வைத்துச் சிலவற்றைப் பார்க்கச் சொன்னேன். மலேசியப் பேய்ப்படத்தின் தொடக்கமே கொஞ்சம் நம்மோடு ஒட்டியது. 1957இல் கேத்தே கெரிஸ் நிறுவனம் தயாரித்து மரியா மெனாடோ நடித்த, மலாய்ப் பெண்பேயின் பெயர்கொண்ட ‘பொந்தியானாக்’ படத்தின் இயக்குநர் பி.என். ராவ் இந்தியாவிலிருந்து வந்தவர். அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை, தொலைந்துபோனதாகவே கருதுகிறார்கள். தயாரிப்பாளர் பிரதிகளை ஈயக்குட்டையில், அதாவது ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய குட்டையில், வீசிவிட்டார் என்றொரு கதை உண்டு. ஈயக்குட்டை நிறைந்த பேராக்கில் பிறந்த எனக்கு அந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று ஓர் ஆசை.

தோட்டத்தைப் பற்றித் தமிழில் என்றால் தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ (2005), சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ (2015). இரண்டிலும் பேய் இல்லை. ஆனால் லயத்து வாசலில் ஒரு பெண் உட்காரும் விதம், ஒரு சிறுவன் அடிவாங்கும்போது வீடு முழுவதும் அடங்கிப்போகும் விதம், இவற்றையெல்லாம் அங்கேதான் கற்க வேண்டும். பேய்க்கு எமிர் எஸ்வானின் ‘ரோ’. குமான் பிக்சர்ஸ் சிறு முதலீட்டில் எடுத்தது, 93ஆவது ஆஸ்கர் விருதுக்கு மலேசியாவின் சார்பில் போனது. காட்டுக்குள் ஒரு தாய், இரண்டு பிள்ளைகள், எங்கிருந்தோ வந்து சேரும் ஒரு சிறுமி. அதன் திகிலில் பெரும்பகுதி பட்டப்பகலில் நடக்கிறது. “பணம் இல்லாதவன் இரவைப் படமாக்கப் போகாதே, பகலைப் பயமாக்கு” என்று நான் வகுப்பெடுத்தேன். பிள்ளைகள் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சோங் கியட் ஆவ்னின் 2020ஆம் ஆண்டுப் படம் ஒன்றும் போட்டுக் காட்டினேன். 1987இன் கெடா, சூனியத்தில் விழுந்த கணவன், எதையும் நம்பாத மனைவி; தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த புதுமுக இயக்குநர் விருது அதற்குக் கிடைத்தது. பட்டறைப் பையன் அதைப் பார்த்துவிட்டு, “இதில் வரும் சாமிகள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள், அண்ணே” என்றான். சரியாகப் பிடித்தான். ஆனால் எடுக்கும்போது பக்கத்து வீட்டை விட்டுவிட்டுச் சின்னத்திரைத் தொடரில் வரும் வெள்ளைச் சேலைக்குப் போய்விட்டான்.

பதினைந்தாம் நிமிடத்துக்கு வருகிறேன். துரையின் ஆவி. பட்டறைப் பையனின் நண்பன் முகத்தில் பவுடரைப் பூசிக்கொண்டு, தொப்பி வைத்து, உடைந்த ஆங்கிலத்தில் மிரட்டினான். சிரிப்பு வந்ததில் ஆச்சரியமில்லை. பதிவை இரண்டாம் முறை பார்த்தபோதுதான் வேறொன்று தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு தாத்தா எழுந்து, நாற்காலியை மடித்துச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போகிறார்.

இந்த ஊருக்கு அப்படி ஒரு நாள் உண்டு. 1948 ஜூன் 16 காலையில் எல்ஃபில் தோட்டத்திலும் சுங்கை சிப்புட் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை அடக்க பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. பிள்ளைகளுக்கு இது வரலாற்றுப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி. அதிலும் தங்கள் ஊர்ப் பெயர் வருகிறதே என்ற பெருமை. துரை ஆவி எண்ணம் அங்கிருந்துதான் முளைத்தது.

தாத்தாவின் வீட்டுக்கு நானும் தொழிற்கல்லூரிப் பெண்ணும் மட்டும் போனோம். எண்பதைக் கடந்தவர். 1948இல் சிறுவன். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தேநீர் கொடுத்தார், அவள் அப்பா யார், தாத்தா யார் என்று விசாரித்தார். கிளம்பும்போது வாசலில், “அந்தக் காலத்தில் இருட்டிய பிறகு வேலிக்கு வெளியே யாரும் போவதில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. நீயும் எடுக்காதே, அம்மா” என்றார். “எடுக்காதே” என்றால் பேச்சையா, படத்தையா? அவள் கேட்கவில்லை. அன்று இரவே இரண்டாம் பகுதி முழுவதையும் வெட்டிவிட்டாள். மற்ற நால்வருக்கும் கோபம். பங்களாவுக்குள் போக அந்தத் தோட்ட நிர்வாகத்திடம் மூன்று வாரம் நடையாய் நடந்தவர்கள் அவர்கள். கடைசியில் அனுமதி கிடைக்காமல் வெளிச்சுவரை வைத்துச் சமாளித்தவர்கள். அந்தச் சண்டை தீர ஒரு மாதம் ஆயிற்று. இதில் நான் அவள் பக்கம். கொலையுண்டவர்களும் அதைப் பார்த்துவிட்டு வாய்மூடி வாழ்ந்தவர்களும் இருக்கும் ஊரில், பவுடர் பூசிய பேய் ஒரு விளையாட்டுச் சாமான்.

மூன்றாம் பகுதியில் யாரும் சிரிக்கவில்லை. அதை அவள்தான் தனியாக எடுத்தாள். விடுதியில் ஒரு மாணவி அலறுகிறாள், அடுத்தவள் அலறுகிறாள், பத்து நிமிடத்தில் மாடி முழுவதும். மலேசியாவில் படித்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் அவள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ இது நடந்திருக்கும். 2016இல் கிளந்தானில், பெங்காலான் செப்பாவில், ஒரு பள்ளியையே சில நாட்கள் மூட வேண்டியதாயிற்று. அதற்கும் முன்பு, எழுபதுகளில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குக் கிராமத்துப் பெண்கள் வேலைக்குப் போனபோது, நுண்ணோக்கிக்குள் உருவம் தெரிகிறது என்று அலறி மயங்கியவர்களை மானுடவியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவள் மனத்தில் இருந்தது அமண்டா நெல் யூவின் ‘டைகர் ஸ்டிரைப்ஸ்’. பூப்பெய்தும் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் உடல் வேறொன்றாய் மாறத் தொடங்க, பள்ளியே அலறிப் போகும் கதை. 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் முதல் பரிசு பெற்றது. அதே ஆண்டு மலேசியத் திரையரங்குகளுக்கு வந்தபோது வெட்டுண்டு வந்தது. திரையில் காட்டப்படுவது தான் எடுத்த படம் அல்ல என்று இயக்குநரே வெளிப்படையாகச் சொன்னார். வெட்டுண்ட வடிவத்தைத்தான் இவள் ஈப்போவில் பார்த்திருக்கிறாள். “எதை எடுத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே பார்த்தேன். அதுவே பயமாக இருந்தது” என்றாள். அவள் பகுதியில் முகமே கிடையாது. ஆடாத மின்விசிறி, இரும்பு அலமாரிகளின் பூட்டு, தரையில் பதறும் பாதங்கள். முதல் பெண்ணின் அலறல் மட்டும் காதில் விழும். மற்றவர்கள் அலறும்போது ஒலியே இல்லை. மண்டபத்தில் அப்போது தகரக் கூரையில் மழை. அது தானாக அமைந்த பின்னணி இசை. ஒரு தாய் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை விடாமல் இருந்ததைக் கேமரா பிடித்திருக்கிறது. அந்தப் பகுதியில் நாங்கள் கைவைக்கவே இல்லை.

மிஞ்சியது முதல் பகுதி. வெள்ளைச் சேலைக்காரியை நீக்கியாயிற்று. அந்த இடத்தில் என்ன வைப்பது? பதில் அந்தப் பாட்டியிடமிருந்து வந்தது. நாங்கள் கேட்ட கேள்விக்கு வந்த பதிலும் அல்ல அது.

படத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் ஆறு மணி காட்டும், வெளியே கும்மிருட்டு. அங்கே நிறுத்தச் சொன்னார். “ஆறு மணிக்குக் கிழக்கு வெளுக்கத் தொடங்கிவிடுமே” என்றார். இல்லை பாட்டி, ஆறு மணிக்கு இருட்டுத்தான், நாங்கள் எடுத்ததே ஆறு மணிக்குத்தான் என்று பையன்கள் சாதித்தார்கள். இரண்டு தரப்பும் சரி. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள், சபா, சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காக. பாட்டி பால்மரம் சீவும் வேலைக்குப் போனது அதற்கு முந்திய கடிகாரத்தில். அவருடைய ஆறு மணி இன்றைய ஆறரை. சூரியன் மாறவில்லை, சுவரில் முள் மட்டும் நகர்ந்திருக்கிறது. அந்த அரை மணியைக் கண்டுபிடித்த பிறகு பையன்கள் பாட்டியைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. பேய்க்கதை கேட்க வந்தவர்கள் வேலையைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள்.

விடிவதற்கு முன்பு ஏன் போக வேண்டும்? வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால். எத்தனை மரம்? ஓர் ஆளுக்கு ஐந்நூறு. அப்படியானால் ஒரு மரத்துக்கு அரை நிமிடம் கூட இல்லை. பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலை இழுத்தெடுத்து, பட்டையைச் சீவி, பால் பிடிக்கும் கிண்ணமான மங்கை நிமிர்த்தி வைத்துவிட்டு அடுத்த மரம். நெற்றியில் விளக்கு. தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, விளக்கு மட்டும் தெரியும்: நிற்கும், நகரும், நிற்கும், நகரும். அதை வைத்தே அடுத்த நிரையில் யார் என்று சொல்லிவிடுவார்களாம். இன்னாள் வேகமானவள், இன்னாள் பிள்ளைத்தாய்ச்சி, இன்னாருக்கு முழங்கால் வலி.

“பேயைப் பார்த்திருக்கிறீர்களா, பாட்டி?” என்று பட்டறைப் பையன் கடைசியில் கேட்டே விட்டான்.

“பேயை யார் கண்டது? மரத்துக்கு மரம் நிற்காமல் போகிற விளக்கைப் பார்த்தால் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். கங்காணி திட்டினாலும் அன்றைக்குச் சம்பளம் போனாலும் சரி.”

அறையில் யாரும் பேசவில்லை. படம் அங்கே கிடைத்துவிட்டது.

பால்மர நிரைக்காக ஊரெல்லாம் அலைந்து, ஒரு மலாய்க்காரப் பெரியவரின் சிறு தோட்டத்தில் அனுமதி வாங்கினோம். இரவைப் படமாக்கக் கூடாது என்ற என் சட்டம் இங்கே தோற்றது. கைப்பேசியில் இருட்டை எடுத்தால் படம் முழுவதும் மணல் தூவியது போலப் புள்ளி விழும். ஆனால் இருட்டில் ஒரே ஒரு வெளிச்சம்தான் வேண்டும் என்றால், கேமராவைத் தாங்கியில் நிறுத்தி, ஒளியளவைக் கையால் குறைத்துப் பூட்டிவிட்டால் போதும். கறுப்பு கறுப்பாகவே இருக்கும், விளக்கு மட்டும் விளக்காக இருக்கும். தானியங்கியில் விட்டுவிட்டால்தான் இயந்திரம் பயந்துபோய் எல்லாவற்றையும் வெளிச்சமாக்கப் பார்க்கும். ஒலிக்கு உண்மையான கூகை. பெட்டிக்குக் கீழே இரண்டு இரவு கொசுக்கடியில் உட்கார்ந்து எடுத்தது. தூரத்தில் ரப்பர்க் காய் வெடிக்கும் “பட்” என்ற சத்தமும் சேர்ந்து விழுந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டோம்.

இரண்டாம் வடிவம் 17 நிமிடம். அதே மண்டபம், கிட்டத்தட்ட அதே கூட்டம். விளக்குக் காட்சி வெட்டே இல்லாமல் மூன்றரை நிமிடம் ஓடும். விளக்கு நிற்கிறது, நகர்கிறது, நிற்கிறது. பின்னால் இன்னொரு விளக்கு தோன்றி, எந்த மரத்திலும் நிற்காமல் நிரையின் குறுக்கே போகிறது. முன்வரிசையிலிருந்து “ஸ்…” என்று மூச்சை உள்ளிழுக்கும் ஒலி. ஒரு பாட்டி கழுத்தில் கைவைத்துக்கொண்டார். அதே விநாடியில், பதிவைப் பாருங்கள், பின்வரிசை இளைஞர்கள் மூவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் அதற்கு முன்பே புகைபிடிக்க எழுந்து போயிருந்தார்கள். முன்வரிசை அடங்கிப்போன இடத்தில் பின்வரிசை ஒன்றையும் காணவில்லை.

இதைப் பற்றித்தான் எங்களுக்குள் அதிக நேரம் வாக்குவாதம். குரல்பதிவில் ஒருவர் விளக்கிச் சொல்லிவிடலாம் என்றான் ஒளிப்பதிவு செய்தவன். அதைச் செய்தால் பாட்டிகளின் “ஸ்…” போய்விடும் என்றாள் அவள். எனக்குத் தோன்றியது வேறு. மரம் சீவும் தாளம் பாட்டிகளின் உடம்பில் ஊறியது. பேரப்பிள்ளைகளுக்கு அதைப் படமே கற்றுக்கொடுத்தாக வேண்டும். சொல்லிக் கொடுப்பதல்ல, பழக்கிவிடுவது. ஆகவே மூன்றாம் வடிவத்தில் பகுதியின் தொடக்கத்திலேயே ஒரு பெண் ஆறு மரம் சீவுவதை அருகிலிருந்து முழுமையாகக் காட்டினோம். கத்தியின் சறுக்கல், மங்கின் சத்தம், மூன்று காலடி நடை. ஏழாவது மரத்தில் கேமரா பின்வாங்கித் தூரத்துக்குப் போகும். அதற்குள் பார்ப்பவனின் காது காலடிகளை எண்ணத் தொடங்கியிருக்கும் என்பது எங்கள் கணக்கு. என் தங்கையின் பதினான்கு வயது மகனிடம் போட்டுக் காட்டினேன். நிற்காத விளக்கு வந்ததும், “மாமா, அது ஏன் நிற்கவில்லை?” என்று கேட்டான். எனக்கு அது போதும். ஒளிப்பதிவு செய்தவனுக்குப் போதவில்லை. ஆறு மரம் இழுவை, நான்கே போதும் என்று இன்றைக்கும் சொல்கிறான். ஒருவேளை அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

மூன்றாம் வடிவத்தை ஊரில் இன்னும் காட்டவில்லை. காரணம் பாட்டிதான். மடிக்கணினியில் பார்த்துவிட்டு மறுபடி நிறுத்தினார். நெற்றியில் இருப்பது மின்கல விளக்கு, தம்பி. எங்கள் காலத்தில் கார்பைடு விளக்கு, அது சும்மா இருக்காது, காதோரம் “உஸ்” என்று இரைந்துகொண்டே இருக்கும், பூண்டு மாதிரி நாற்றம் வேறு என்றார். நாற்றத்தைப் படத்தில் கொண்டுவர வழியில்லை. இரைச்சலைக் கொண்டுவரலாம். கல்லின் மேல் தண்ணீர் சொட்டி வாயு கிளம்பி எரியும் விளக்கு அது. ஒலித் தொகுப்பில் தேடலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பழைய இரும்புக் கடையில் பித்தளை விளக்கு ஒன்று அகப்பட்டிருக்கிறது, மூக்கு சற்று வளைந்திருக்கிறது. பட்டறைப் பையன் அதைச் சரிசெய்துவிட்டான். கார்பைடு கல்லுக்குத்தான் இன்னும் கடை கடையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.